கணக்கில் ஏறாத அடுக்களை: அந்தமான் நிகோபார்க் காடுகளும் உணவும்

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்தில் கபிலர் அவர்களுக்குச் சொன்ன செய்தி ஒன்று புறநானூற்றின் 109ஆம் பாடலில் உள்ளது. முற்றுகையால் பறம்பைப் பட்டினியில் வீழ்த்த இயலாது என்கிறார் அவர். அதற்கு அவர் காட்டும் காரணம் கோட்டையோ படையோ நெற்குதிரோ இல்லை. உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு உணவுகளை எண்ணிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். காடு என்பது ஓர் உணவுக் களஞ்சியம், அதுவும் எந்தப் பகைவனாலும் எளிதில் அடைக்க முடியாத களஞ்சியம் என்ற அறிவு தமிழுக்கு மிகப் பழையது.

இந்திய அரசின் இன்றைய நிர்வாக மொழியில் இந்த அறிவுக்கு இடமில்லை. காடு அங்கே மரமாகவும் பரப்பளவாகவும் வருவாயாகவும் சுற்றுலாவாகவும், அண்மைக் காலத்தில் கரிமச் சேமிப்பாகவும் தோன்றுகிறது. உணவாகத் தோன்றுவதில்லை. ஏட்டில் இல்லாத பொருள் இழப்பிலும் எழுதப்படுவதில்லை என்பதற்கு அந்தமான் நிகோபார்த் தீவுகளைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

தீவுக்கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாழ்வோர் ஏறத்தாழ 3.8 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெருநிலப்பரப்பிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. அவர்கள் உண்ணும் அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. பேரந்தமானியர், ஓங்கே, ஜாரவா, செண்டினலியர், ஷோம்பென், நிகோபாரியர் ஆகிய ஆறு தொல்குடிகளுக்குக் காடும் அதை ஒட்டிய கடலோரமுமே நெடுங்காலம் அடுக்களையாக இருந்தன. சிலருக்கு இன்றும் அப்படியே.

இந்த அடுக்களையைக் கண்ணுக்கு மறைத்தவை மூன்று ஆட்சிச் சொற்கள்.

முதற்சொல் ‘சிறு வனப்பொருள்’. காலனிய வனத்துறைக்கு வெட்டி விற்கும் மரமே பெரும்பொருள். அந்தமானில் வனத்துறை 1883இல் தொடங்கப்பட்டதே படாக் முதலிய மரங்களுக்காகத்தான். சாத்தம் தீவின் மர ஆலையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. மரம் போக எஞ்சியதெல்லாம் ‘சிறு’ என்ற அடைமொழியின் கீழ் ஒதுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு ஆதரவாக இயற்றப்பட்ட சட்டம். அதுவும் இந்தச் சொல்லை மாற்றவில்லை. தேனும் கிழங்கும் மூலிகையும் அதில் ‘சிறு வனப்பொருள்’ பட்டியலில்தான் வருகின்றன. கபிலர் முதன்மையாக எண்ணியவை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் சில்லறையாகிவிட்டன. அந்தப் பட்டியலும் தாவரப் பொருள்களோடு நின்றுவிடுகிறது. வேட்டை உரிமையை அச்சட்டம் வெளிப்படையாகவே விலக்குகிறது.

இரண்டாம் சொல் ‘வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்ப நிலை’. தேபர் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 1975 முதல் சில பழங்குடிகள் ‘தொன்மைப் பழங்குடிக் குழுக்கள்’ எனத் தனியே பிரிக்கப்பட்டனர். 2006இல் அப்பெயர் ‘குறிப்பாக நலிவுறும் நிலையிலுள்ள பழங்குடிக் குழுக்கள்’ என்று திருத்தப்பட்டது. பெயர் மாறியதே தவிர அளவுகோல் மாறவில்லை. குறைந்த எழுத்தறிவு, தேங்கியோ குறைந்தோ வரும் மக்கள்தொகை ஆகியவற்றோடு வேளாண்மைக்கு முந்தைய நிலையும் பின்தங்கியமைக்கு ஓர் அடையாளம். அதாவது காட்டிலிருந்து உண்பது தன்னளவிலேயே ஒரு குறைபாடு. குறைபாடாக எழுதப்பட்ட ஒன்றை நீக்குவது நலத்திட்டம் ஆகிவிடுகிறது.

மூன்றாம் சொல் ‘ஈடுசெய் காடு வளர்ப்பு’. ஓரிடத்துக் காட்டை அழித்தால் வேறோர் இடத்தில் மரம் நட்டு ஈடு செய்யலாம் என்பது அதன் பொருள். மரத்தை எண்ணுபவருக்கு இது பொருந்தலாம். அந்தக் காட்டில் உண்பவருக்கு எப்படிப் பொருந்தும்?

தீவுகளின் காட்டுணவு எத்தகையது என்பதைப் பார்த்தால் இச்சொற்களின் போதாமை விளங்கும். ஜாரவாக்களின் உணவில் காட்டுப்பன்றி, உடும்பு, மீன், நண்டு, சிப்பி, கிழங்குகள், காட்டுக் கனிகள், வண்டுப் புழுக்கள், தேன் ஆகியவை அடங்கும். பன்றி வேட்டை ஆடவர் வில்லைச் சார்ந்தது. சிப்பி பொறுக்குவதும் கைவலையால் மீன் பிடிப்பதும் பெரிதும் பெண்களின் வேலை. ஒரு பொருள் கிடைக்காத பருவத்தில் இன்னொன்று கிடைக்கிறது. இந்தப் பருவ அறிவு மொழிக்குள்ளும் பதிந்திருந்தது. 1906 முதல் 1908 வரை அந்தமானில் களப்பணி செய்த மானிடவியலர் ராட்கிளிஃப் பிரவுன், அங்குள்ளோர் ஆண்டின் பகுதிகளை அவ்வப்போது பூத்து மணக்கும் மலர்களின் பெயரால் அழைத்ததை 1922இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். எந்த மலர் மணக்கிறதோ அதன் தேன் கிடைக்கும் காலம் அது. உணவுப் பட்டியலே அவர்களுக்கு நாட்காட்டியாகவும் இருந்தது.

நிகோபாரிலோ மைய உணவு தாழையினத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கனி. நடுத்தீவுகளில் அதற்கு ‘லாரோம்’ என்று பெயர். தமிழர் பூவுக்காக அறிந்த தாழையின் உறவு அது. கனியை வேகவைத்துச் சிப்பி ஓட்டால் சதையைச் சுரண்டி, நாரை நீக்கிப் பிசைந்து, இலையில் பொதிந்து வைத்து உண்பார்கள். தேங்காய், மீன், பன்றியிறைச்சி, கிழங்கு ஆகியவை இதனோடு சேரும். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நுண்சத்து எல்லாம் இந்த உணவிலேயே அடங்கிவிடும்.

சோழர்க்கும் இத்தீவுகள் புதியன அல்ல. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைத் தேன் செறிந்த நெடும்பொழில்களை உடைய நாடு என்றே அடையாளப்படுத்துகிறது. வென்றவரின் கவிஞருக்கும் அத்தீவில் முதலில் எழுதத் தோன்றியது பொழிலும் தேனும்தான்.

இந்த அடுக்களை இடிந்த வரலாற்றைச் சிற்றந்தமானில் காணலாம். 1957இல் அத்தீவு முழுவதும் ஓங்கே மக்களுக்கான பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1965இல் மத்திய அரசின் துறைகளிடைக் குழு ஒன்று தீவுகளை விரைந்து வளர்ப்பதற்கான திட்டத்தை அளித்தது. அதைத் தொடர்ந்து சிற்றந்தமானில் குடியேற்றமும் மரவெட்டும் தோட்டங்களும் வந்தன. 1970களில் காப்பகத்தின் ஒரு பகுதி விலக்கிக்கொள்ளப்பட்டது. ஹட் பே பகுதியில் ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் செம்பனை பயிரிடப்பட்டது. இதில் ஒரு முரண் உண்டு. செம்பனை சமையல் எண்ணெய் தரும் பயிர். ஆகவே அது நாட்டின் உணவு உற்பத்தியில் எண்ணப்பட்டது. அதற்காக வெட்டப்பட்ட காடு பன்றியும் தேனும் கிழங்கும் தந்த காடு. அந்த உணவு எந்த ஏட்டிலும் இருந்ததில்லை. ஆகவே அதன் அழிவும் எழுதப்படவில்லை. ஒற்றைப்பயிர்த் தோட்டங்களின் விரிவாக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க 2002இல் சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையும் உச்ச நீதிமன்ற ஆணையும் தேவைப்பட்டன.

ஓங்கேக்கள் 1970களின் பிற்பகுதியில் டுகாங் கிரீக், சவுத் பே ஆகிய இரு குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். இலவச அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, தேயிலை முதலியவை வழங்கப்பட்டன. புகையிலையும் அவர்கள் வாழ்வில் நிலைத்துவிட்டது. வேட்டைக்கும் சேகரிப்புக்கும் உரிய நடமாட்டம் சுருங்கியது. 1901 கணக்கெடுப்பில் 672 ஆக இருந்த ஓங்கேக்கள் 1951இல் 150 பேர். 2001இல் 96. 2011இல் 101. ஜாரவாக்களோ 2001இல் 240, 2011இல் 380. ஓங்கேக்களின் பெருவீழ்ச்சி பங்கீட்டுக்கு முன்பே நோய்களாலும் வெளியார் தொடர்பாலும் நிகழ்ந்தது; ஜாரவாக்களும் 1999இலும் 2006இலும் தட்டம்மையால் தாக்கப்பட்டவர்களே. இந்த எண்களிலிருந்து உணவு ஒன்றையே காரணமாக வடித்தெடுப்பது நேர்மையாகாது. ஆனால் ஒன்றை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்: நாற்பதாண்டு இலவச அரிசி ஓங்கே சமூகத்தைத் தழைக்கச் செய்யவில்லை, காட்டிலிருந்து உண்ணும் ஜாரவா சமூகம் பட்டினியால் அழிந்துவிடவும் இல்லை. ‘வேளாண்மைக்கு முந்தைய நிலை’ ஒரு நோய் என்றால், மருந்துண்டவரைவிட மருந்துண்ணாதவர் நலமாயிருப்பது எப்படி என்பதற்கு அந்த அளவுகோல் விடை சொல்ல வேண்டும்.

நிகோபாரில் இதே மாற்றம் ஒரே நாளில் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோரத் தென்னைகளையும் தாழைகளையும் வளர்ப்புப் பன்றிகளையும் அடித்துச் சென்றது. உயிர் பிழைத்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் வந்தன. அந்நேரத்தில் அது உயிர் காத்த உதவி; அதைக் குறை சொல்வதற்கில்லை. குறை அதன் பின்னர் நேர்ந்தது. உதவி நீடித்தது, தகரக் கொட்டகை வாழ்வு நீடித்தது, தோட்டங்களையும் காட்டையும் மீட்கும் வேலை பின்தங்கியது. டிரிங்கட் தீவின் பொருளாதாரத்தைப் பேரலைக்கு முன்பே ஆராய்ந்துவந்த சிம்ரன் ஜித் சிங், பேரிடரைத் தொடர்ந்த உதவியே இரண்டாவது பேரிடராக மாறக்கூடியதை நிகோபாரை முன்வைத்து எழுதியிருக்கிறார். பெரிய நிகோபாரின் மேற்குக் கரையில் தம் ஊர்களில் வாழ்ந்த நிகோபாரியர், கேம்பல் பே அருகே நியூ சிங்கென், ராஜீவ் நகர் ஆகிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். தற்காலிகம் என்று எண்ணிய அக்குடியிருப்பு இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நிலத்தைப் பற்றியது மட்டும் அன்று, உணவைப் பற்றியதும் ஆகும்.

பசிபிக் பெருங்கடலின் மைக்ரோனீசியத் தீவுகள் இந்தப் பாதையில் முன்னரே நடந்தவை. அங்கும் தாழையினக் கனியும் ஈரப்பலாவும் கிழங்கும் மீனும் பழைய உணவு. அமெரிக்க நிர்வாகக் காலத்தில் உணவு உதவித் திட்டங்கள் வழியாகவும் இறக்குமதி வழியாகவும் அரிசியும் மாவும் சர்க்கரையும் நிலைபெற்றன. பின்னர் குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைபாடும் பெரியவர்களிடம் நீரிழிவும் பெருகின. லோயிஸ் எங்கல்பெர்கர் என்ற ஊட்டவியலாளர் தாழைக் கனியிலும் உள்ளூர் வாழையிலும் உள்ள கரோட்டினாய்டுகளை அளந்து, உள்ளூர் உணவுக்குத் திரும்பும் இயக்கத்தைப் போன்பெய் தீவில் வளர்த்தார். இழந்ததன் மதிப்பு, இழந்த பிறகே அங்கே அளக்கப்பட்டது.

காட்டுக்கும் ஊட்டத்துக்கும் உள்ள தொடர்பு தீவுகளுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் 21 நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஏமி இக்கோவிட்சும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பரப்பு மிகுந்த இடங்களில் குழந்தைகளின் உணவு வகைகளும் கூடியிருந்தன. மடகாஸ்கரில் காட்டு விலங்குணவு முற்றிலும் இல்லாமற்போனால் இரத்தசோகையுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை 29 சதவீதம் உயரும் என்று கிறிஸ்டோபர் கோல்டன் குழு 2011இல் கணித்தது. இந்தியாவும் இரத்தசோகையைக் கண்டு கவலைப்படும் நாடு. அதற்காகவே பொது விநியோக அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் சேர்க்கப்பட்டன. நகரத்து ஏழைக்கு அது பயன்படலாம். ஆனால் பன்றியிறைச்சியிலும் சிப்பியிலும் இயல்பாகவே இரும்பும் பி12உம் பெற்றுவந்த ஒரு சமூகத்தை அவற்றிலிருந்து பிரித்து, அதே சத்துகளை ஆலையில் அரிசியோடு கலந்து இலவசமாக அளிப்பதை முன்னேற்றம் என்று எப்படி அழைப்பது?

இதற்கு மூன்று மறுப்புகள் எழுவது இயல்பு.

இது காட்டு வாழ்வைப் புனிதப்படுத்தும் கற்பனை என்பது முதல் மறுப்பு. காட்டில் பசிநாள் இல்லை என்றோ குழந்தைகள் இறக்கவில்லை என்றோ எவரும் சொல்ல இயலாது. மருத்துவமும் தடுப்பூசியும் தேவையே. ஜாரவாக்களைத் தட்டம்மையிலிருந்து மீட்டதில் மருத்துவத்துக்குப் பங்குண்டு. ஆனால் மருத்துவம் தருவதற்கு உணவைப் பறிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கை, தலையீட்டை இயன்றவரை குறைத்து அவர்களின் தன்னாட்சியை மதிப்பதையே நெறியாகக் கொண்டது. அது கற்பனை அன்று, அரசின் ஆவணம்.

காடு நான்கு லட்சம் பேருக்குச் சோறு போடாது என்பது இரண்டாம் மறுப்பு. உண்மைதான். யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. சில நூறு ஷோம்பென்களுக்கும் சில ஆயிரம் நிகோபாரியர்க்கும் அது ஊட்டியது, ஊட்டுகிறது என்பதே செய்தி.

ஏழைக் குடியேறிகளின் பசி என்னாவது என்பது மூன்றாவது. இதுவே மிகக் கனமான கேள்வி. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து மரவெட்டுக்காக அழைத்துவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள் தீவுகளில் ‘ராஞ்சிகள்’ எனப்படுகிறார்கள். பிறந்த மண்ணில் பழங்குடியினராகிய அவர்களுக்குத் தீவில் அந்தத் தகுதி இல்லை. காட்டோரம் வாழும் பலர் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரைச் சுமக்கிறார்கள். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு, 1964 ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்வழி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் எவரும் தம் விருப்பத்தால் காட்டை அழிக்க வந்தவர்கள் அல்லர். ஜாரவா காப்பகத்துக்குள் பன்றி வேட்டைக்காக வெளியார் நுழைவது நெடுநாள் குற்றம். அந்த இறைச்சி அவர்களின் சந்தைக்கும் சமையலுக்கும் போகிறது. ஒருவர் ஊட்டத்தை இன்னொருவர் தட்டிலிருந்து எடுக்கும் இந்நிலையைக் காவலால் மட்டும் தீர்க்க முடியாது. குடியேறிகளுக்குத் தம் ஊர்க்காட்டில் தெளிவான உரிமையும், மலிவான மீனும் முட்டையும் காய்கறியும் கிடைக்க வழியும் வேண்டும். காட்டை உணவாக ஏற்பது இவர்களுக்கும் நன்மையே செய்யும்.

இவ்வளவையும் இப்போது பேச வேண்டிய காரணம் பெரிய நிகோபார்த் திட்டம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவற்றுக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றுப் பயன்பாட்டுக்கு அளிக்க 2022 அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதலும், நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் தரப்பட்டன. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் தீவில் முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் குடியேறலாம் என்பது திட்ட மதிப்பீடு. வெட்டப்படும் மரங்கள் எட்டரை லட்சத்துக்கும் மேல் என எண்ணப்பட்டன. ஈடாக அரியானா மாநிலத்தில் காடு வளர்ப்பது என்று திட்டமிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் அளித்த இசைவைச் சிறிய, பெரிய நிகோபார்ப் பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது.

மரங்கள் எண்ணப்பட்டுவிட்டன. ஆமைகளுக்கும் பவளங்களுக்கும் காப்புத் திட்டங்கள் எழுதப்பட்டுவிட்டன. அந்தக் காட்டில் எத்தனை தாழை உள்ளது, எத்தனை குடும்பம் அதை உண்கிறது, ஷோம்பென் மக்கள் எந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் எந்தப் பருவத்தில் எதைச் சேகரிக்கிறார்கள் என்ற கேள்விகளைக் கேட்பதற்கு அனுமதி நடைமுறையில் ஒரு கட்டம்கூட இல்லை. அரியானாவில் நடும் மரத்தில் நிகோபாரியர் குழந்தைக்குக் கனி கிடைக்காது என்பதை எடுத்துச் சொல்லவும் அங்கே ஓர் இடமில்லை.

செய்யக்கூடியவை பல. வனப் பயன்பாட்டு மாற்றத்துக்கான ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அக்காட்டிலிருந்து கிடைக்கும் உணவின் விவரம் கட்டாயமாக்கப்பட வேண்டும். அது அங்கே உண்பவர்களின் மொழியில், அவர்கள் வழங்கும் பெயர்களோடு தொகுக்கப்பட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிகோபார்ப் பழங்குடியினருக்கு 1967 ஏப்ரல் 28 அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டது. காட்டிறைச்சி ஒரு மக்களின் உணவு என்று இந்தியச் சட்டம் ஒருமுறையேனும் ஏற்றதற்கு அது முன்னுதாரணம். அந்த அணுகுமுறை வன உரிமைச் சட்டத்துக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். பேரலையால் இடம்பெயர்ந்த நிகோபாரியர் தம் மேற்குக் கரை ஊர்களுக்குத் திரும்ப உதவ வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தாழைக் கனிக்கும் உள்ளூர்க் கிழங்குக்கும் மீனுக்கும் இடம் தர வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் திட்டம் இவற்றுள் ஒன்றும் இல்லை.

காலம் மட்டும் குறைவு. 2010 ஜனவரியில் போவா மூதாட்டி மறைந்தபோது பேரந்தமானியக் கிளைமொழிகளுள் ஒன்றான போ மொழி பேச எவரும் இல்லாமற்போயிற்று. அன்விதா அப்பி போன்ற மொழியியலாளர்கள் கடைசித் தலைமுறையினரிடம் அமர்ந்து தொகுத்த அகராதியில் மீன், பறவை, மரப் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை உணவென்று அறிந்து தேடிச் செல்லும் தலைமுறை எஞ்சவில்லை. ஓங்கே, ஷோம்பென், நிகோபார மொழிகளில் அந்தச் சொற்கள் இன்னும் வாயிலும் இருக்கின்றன, வயிற்றுக்கும் உதவுகின்றன. காட்டை வெட்டும் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன் அவற்றை உணவு என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்ள வேண்டியது அரசின் குறைந்தபட்சக் கடமை.